கண்டியில் விட்டுணுவும் விசிட்டாத்துவைதமும்

கண்டித் தலதா மாளிகைக்கு அண்மையில் விட்டுணு தேவாலயம் உளது. நாத, கதிர்காம, பத்தினி தேவாலயங்களோடு இதுவும் எசல பெரஹராவிற் பங்குகொள்கின்றது. எனினும், இங்கு வணங்கப்பெறும் விட்டுணுவும் இராமானுசர் போற்றிய நாராயணனும் தத்துவ நிலையில் ஒருவரல்லர்.

பிரமம் ஒன்றே மெய் என்றார் சங்கரர். இறைவனும் உயிரும் உலகும் என்றும் வேறுவேறு என்றார் மத்துவர். இராமானுசரோ உயிரும் உலகும் மெய்ப்பொருள்களே எனவும், அவை இறைவனின் உடல் எனவும் கொண்டார். அவ்வுடலுள் உயிராய் நிற்கும் நாராயணனே முழுமுதல். கண்டியில் விட்டுணு புத்தருக்குக் கீழ்ப்பட்ட காவல் தெய்வம். இலங்கையைக் காக்கும் பொறுப்பு உப்பலவண்ணனிடம் ஒப்படைக்கப்பட்டதாக மகாவம்சம் கூறும். அத்தெய்வமே பிற்காலத்தில் விட்டுணுவாகக் கொள்ளப்பட்டது.

தென்னிந்திய நாயக்கர் மரபினர் 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டபோதும் இந்நிலை மாறவில்லை. பௌத்தத்தைப் புரத்தல் அவர்தம் அரசுரிமைக்கு இன்றியமையாததாயிற்று. கீர்த்தி சிறீ இராசசிங்கன் 1753இல் சீயத்துப் பிக்குகளைக் கொண்டு உபசம்பதை என்னும் உயர்நிலைத் துறவேற்பை மீள நிறுவினான். தெய்வங்களுக்குரியதாயிருந்த பெரஹராவில் புத்தரின் தந்ததாது முதலிடம் பெற்றதும் அவன் காலத்திலேயே.

பொது வழிபாட்டைக் காட்டிச் சமயங்கள் ஒன்றே என்போரும், தெய்வத்தின் பெயரைக் காட்டி ஆலயம் எமதே என்போரும் இவ்வரலாற்றை நோக்குவதில்லை. பெயர் ஒன்றாயினும், அதற்குரிய இடத்தை அவ்வச் சமுதாயமே வகுத்துள்ளது.