அகக்கன்னபினாய்டு தொகுதி

அகக்கன்னபினாய்டு தொகுதி என்பது நரம்பணுக்களுக்கு இடையேயான செய்திப் பரிமாற்றத்தை மட்டுப்படுத்தும் வேதித் தொகுதி ஆகும். கஞ்சாவிலுள்ள டிஎச்சி என்னும் சேர்மம் இதன் வழியாகவே மூளையில் செயற்படுகிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைகளில், 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்ட கஞ்சா மறைவாகப் பயிரிடப்பட்டதுண்டு.

கண்டுபிடிப்பு

மெச்சூலம், காவோனி ஆகியோர் 1964 இல் டிஎச்சியைப் பிரித்தெடுத்தனர். அது பிணையும் சிபி1 ஏற்பி 1988 இல் அறியப்பட்டது. உடலே உருவாக்கும் ஆனந்தமைடு 1992 இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 'ஆனந்தம்' என்னும் வடசொல்லே இப்பெயருக்கு மூலம்.

செயற்பாடு

செய்தியைப் பெறும் நரம்பணு இத்தகைய பொருட்களை வெளியிடுகிறது. அவை பின்னோக்கிச் சென்று, செய்தி அனுப்பும் நரம்பணுவின் சிபி1 ஏற்பியில் பிணைந்து, நரம்புக்கடத்திகளின் வெளியேற்றத்தைக் குறைக்கின்றன.

இயக்கக் கோளாறுகள்

உடலசைவைச் சீராக்கும் அடித்தள நரம்புத்திரளிலும் சிறுமூளையிலும் சிபி1 ஏற்பிகள் மிகுதி. ஹண்டிங்டன் நோயில் இவை தொடக்கத்திலேயே குறைகின்றன. பார்க்கின்சன் நோய்க்குக் கஞ்சாச் சேர்மங்கள் பயன்தரும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

உளநோய்கள்

1893-94 இல் செயற்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம், மனநல விடுதிப் பதிவேடுகள் பலவற்றில் நோய்க்குக் கஞ்சாவே காரணம் எனக் குறித்தது நம்பத்தக்கதன்று எனக் கண்டது. ஆயினும் மிகைப் பயன்பாடு தீங்கானது என்றது. பதின்பருவத்தில் அடிக்கடி கஞ்சா பயன்படுத்துவோருக்கு, குறிப்பாகக் குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருப்பின், உளப்பிணி வரும் வாய்ப்புக் கூடுதல் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன.

மறுபுறம், சிபி1 ஏற்பியைத் தடுக்கும் ரிமோனபான்ட் என்னும் உடற்பருமன் மருந்து, ஐரோப்பாவில் 2006 இல் அனுமதிக்கப்பட்டு, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தோன்றியமையால் 2008 இல் நிறுத்தப்பட்டது. எனவே இத்தொகுதியை மிகையாகத் தூண்டுவதும் தடுப்பதும் மனநலத்தைப் பாதிக்கக்கூடும்.