ஏப்ரலில் வராத தண்ணீர்: லடாக் குறிப்புகள்

போன மாசம் ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது லடாக்கில் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றிப் பேச்சு வந்தது. "சுத்தி பனிமலையை வச்சுக்கிட்டு தண்ணிக்கு என்ன பஞ்சம்?" என்று கேட்டார் நண்பர். நியாயமான கேள்விதான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்து எடுத்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி அவருக்குப் பதிலாக எழுதிவிடலாம்னு உட்கார்ந்தேன்.

முதலில் அடிப்படைக் கணக்கு. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் பருவமழையை இமயமலை மறித்துவிடும். மழை, பனி எல்லாம் சேர்த்தே ஆண்டுக்குச் சுமார் 100 மி.மீ.தான். அதாவது பாலைவனம். வானத்தை நம்பி ஒரு கதிர்கூட விளையாது. பார்லி, கோதுமை, பட்டாணி எல்லாமே மலையிலிருந்து இறங்கும் ஓடை நீரில்தான். அதுவும் ஒரே போகம். மண் இளகும் ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கணும், அடுத்த குளிருக்கு முன் அறுத்துவிடணும்.

சிக்கல் இங்கேதான். பனியாறுகள் பெரும்பாலும் 5,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. அவை நன்றாக உருகித் தண்ணீர் இறங்க ஜூன் ஆகிவிடும். அதுவரை, அந்தக் குளிர்காலத்தில் தாழ்வான சரிவுகளில் விழுந்த பனி உருகித்தான் சமாளிக்கணும். அந்த வருஷம் பனி சரியாக விழவில்லை என்றால் விதைக்கவே தண்ணீர் இருக்காது. ஜூலையில் ஓடை நிறைய ஓடும், ஆனால் விதைக்கும் காலம் போயிருக்கும். தண்ணீர் எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் கேள்வி.

லடாக் மக்களுக்கு இது நூற்றாண்டுகளாகத் தெரியும். அவர்களுடைய பாசன ஏற்பாடே நேரத்தைப் பங்கு போடுவதுதான். ஊருக்கு ஊர் 'சுர்பொன்' என்று ஒருவர் உண்டு. எந்த வயலுக்கு, எந்த முறையில், எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. பல ஊர்களில் வீட்டுக்கு வீடு முறை வைத்து இந்தப் பொறுப்பு மாறும். 'ஸிங்' என்ற சிறு குளங்களும் உண்டு. பனியாற்று ஓடையில் சாயங்காலம் நீர் கூடும், விடியும்போது குறைந்திருக்கும். இரவில் வரும் நீரை ஸிங்கில் தேக்கிக் காலையில் திறந்துவிடுவார்கள். டோக்ரா ஆட்சிக் காலத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த வழக்கங்கள் 'ரிவாஜ்-இ-ஆப்பாஷி' என்ற பெயரில் அரசுப் பதிவாகவே எழுதப்பட்டன. வாய்வழக்காக இருந்த நீர் உரிமை அப்படித்தான் ஆவணமானது.

எங்க பாஷையில் சொன்னால் ஸிங் ஒரு பஃபர். ஒரு ராத்திரி அளவுக்கான பஃபர்.

இதை ஒரு முழுக் குளிர்காலத்துக்கு நீட்டிப் பார்த்தவர் செவாங் நோர்பெல். மாநில அரசில் சிவில் இன்ஜினியர். பொறி தட்டிய கதையை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குளிரில் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்கத் தண்ணீரைத் திறந்தே விட்டிருந்தார்கள். வேகமாக ஓடும்போது உறையாத நீர், பாப்ளர் மரநிழலில் மெதுவாகப் பரவிய இடத்தில் மட்டும் கட்டியாக உறைந்திருந்தது. வேகத்தைக் குறைத்து நிழலில் விட்டால் உறையும், அவ்வளவுதான் தத்துவம். குளிர்காலத்தில் யாருக்கும் பயன்படாமல் ஓடும் நீரைக் கால்வாய் வெட்டி நிழலான சரிவுக்குத் திருப்பினார். குறுக்கே கல் தடுப்புகள் கட்டி, அடுக்கடுக்காக உறையவிட்டார். முதல் முயற்சி 1987-ல் ஃபுக்சே கிராமத்தில். இந்த ஐஸ் ஊருக்குப் பக்கத்தில், தாழ்வான உயரத்தில் இருப்பதால் ஏப்ரலிலேயே உருக ஆரம்பிக்கும். 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அடுத்து சோனம் வாங்சுக். 2013-14 குளிர்காலத்தில் அவர் குழு முதல் ஐஸ் ஸ்தூபியைச் செய்து பார்த்தது. மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர், பம்ப் எதுவும் இல்லாமல், தன் அழுத்தத்தாலேயே கீழே நீரூற்றாகப் பீறிடும். கடுங்குளிரில் அது உறைந்து கூம்பாக வளரும். கூம்பு வடிவத்தில், இருக்கிற ஐஸ் அளவோடு ஒப்பிட்டால் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் நிழலே இல்லாத இடத்திலும் மே வரை தாங்கியது.

இதோடு பதிவை முடித்திருந்தால் நல்ல வெற்றிக் கதை. ஆனால் குறிப்புகளைத் திரும்பப் படித்தபோது மனசு ஒப்பவில்லை. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் மார்க்கஸ் நூஸர் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வு, இவற்றைப் பனியாறு என்பதே சரியில்லை, 'ஐஸ் தேக்கம்' என்பதே பொருத்தம் என்கிறது. குளிர் போதாத வருஷத்தில் ஐஸ் சரியாகச் சேராது. வெள்ளம் வந்தால் தடுப்புகள் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உறையவைக்க முதலில் ஓடையில் தண்ணீர் ஓடணும்.

சன்ஸ்காரில் குமிக் என்ற கிராமம். சுல்தான் லார்கோ மலையின் பனிதான் அதன் ஒரே ஆதாரம். அது சுருங்கச் சுருங்க, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர் கூடி வேறு இடத்துக்குப் பெயர்வது என்று முடிவெடுத்தது. ஜோனத்தன் மிங்கிள் இதைப் பற்றி 'ஃபயர் அண்ட் ஐஸ்' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். சுர்பொன் எவ்வளவு நேர்மையாகப் பங்கு பிரித்தாலும், பூஜ்யத்தைப் பிரித்தால் பூஜ்யம்தானே.

இன்னொன்று, இது ஏமாற்றும் பிரச்சினை. வெப்பம் கூடும்போது பனியாறு வேகமாக உருகி, சில காலம் ஓடையில் நீர் அதிகமாகவே வரும். ஒரு உச்சத்துக்குப் பிறகுதான் இறங்கும். சேமிப்புப் பணத்தை எடுத்துச் செலவழிக்கும்போது வருமானம் கூடின மாதிரி தெரியுமே, அதே கதை. இந்தப் பக்கம் லேயில் சுற்றுலா பெருகி, தண்ணீரே தேவைப்படாத பழைய உலர் கழிப்பறைகள் இருந்த இடத்தில் ஃப்ளஷ் வந்தது, போர்வெல் வந்தது. உலக வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினால்கூட, இந்துகுஷ்-இமயமலைப் பகுதிப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 2100-க்குள் போய்விடும் என்பது இசிமாட் அமைப்பின் 2019 மதிப்பீடு.

ஆக நண்பருக்கு என் பதில் இது. ஸிங் ஒரு ராத்திரியைச் சேமிக்கிறது. நோர்பெல்லின் ஐஸ் ஒரு குளிர்காலத்தைச் சேமிக்கிறது. நிஜப் பனியாறு சேமித்து வைத்திருப்பது பல நூறு வருஷத்துப் பனியை. முதல் இரண்டை மனிதன் கட்டலாம், உடைந்தால் திரும்பக் கட்டலாம். மூன்றாவதைக் கட்ட எந்த இன்ஜினியராலும் முடியாது, அது போகும் வேகத்தை வேண்டுமானால் குறைக்கலாம். அதற்கான வேலை லடாக்கில் இல்லை. அடுப்பும் இன்ஜினும் எரிகிற நம்ம பக்கத்தில்தான் இருக்கிறது.