தோல் ஒன்று, பயன் இரண்டு

ஆயுதங்களின் வரலாற்றை எழுதியோர் பலர். இரும்பை வார்த்தவன் யார், வெடிமருந்தைக் கண்டவன் யார் என்றெல்லாம் ஏடுகள் விரித்துரைக்கின்றன. ஆனால், அந்த ஆயுதத்தை ஆள்பவனின் இடுப்போடு பிணைத்து வைத்த தோலுறையைப் பற்றி நாம் கேள்விப்படுவது அரிது. அத்தோலைப் பதனிட்டவன் யார், தைத்தவன் யார் என்று வினவப் புகுந்தால், மலையகத் தேயிலைத் தோட்டங்களின் கதையும் அதனுள் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

தொடையோரம் தாழத் தொங்கும் திறந்த துப்பாக்கி உறையை அமெரிக்கத் திரைப்படங்கள் உலகெங்கும் பரப்பின. 1972இல் கர்ணன் இயக்கிய 'கங்கா' போன்ற படங்கள் வழியே தமிழ்த் திரைக்கும் அக்கோலம் வந்து சேர்ந்தது. உண்மையில் தாழத் தொங்கும் அவ்வுறை 1920களில் திரைப்படத்தோடு பரவியதேயாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வழங்கியவை பெரும்பாலும் இடுப்போடு ஒட்டியவை; குதிரைச் சேணம் தைக்கும் பட்டறைகளில் பிறந்தவை. 1870களுக்குப் பின் பரவிய ஒருவகை உறை இன்றும் மெக்சிக்கப் பெயராலேயே அழைக்கப்படுகிறது. துப்பாக்கி வீரனின் பெயர் நிலைத்தது. சேணம் தைத்தவனின் பெயர் மறைந்தது.

அத்தொழில் எளிதன்று. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத்தோலே அதற்கு ஏற்றது. துப்பாக்கியை வைத்து வரைந்த அளவின்படி தோலை அறுப்பர். மடித்த விளிம்புகளுக்கிடையே ஒரு தோல்வாரைச் செருகுவர். தையல் நூல் இரும்பில் உராய்ந்து அறாமல் காப்பது அதுவே. பின்னர்க் குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக இழுத்துத் தைப்பர். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் தையல் முழுதும் பிரிந்து போகாது. இறுதியில் தோலை நீரில் நனைத்து, ஆயுதத்தை உள்ளே செருகி, விரலால் அழுத்தி வடிவம் பதியவைத்து உலர்த்துவர். மரப்பட்டையில் பதனிட்ட தோல் நனையும்போது இளகும். உலரும்போது, பெற்ற வடிவத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். கண்ணும் கையும் ஒருங்கே பழகினாலன்றி இது கைவராது.

இந்திய மண்ணிலும் இவ்வுறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1857ஆம் ஆண்டு எழுச்சியை ஒடுக்கிய போரில், 1858இல், சாம் பிரவுன் என்ற குதிரைப்படை அதிகாரி தமது இடக்கையை இழந்தார். ஒற்றைக் கையால் ஆயுதத்தை எடுப்பதற்கென அவர் அமைத்துக்கொண்ட தோல் இடைவாரும், தோளின் குறுக்கே செல்லும் வாரும், அவர் பெயராலேயே பிரிட்டிஷ் சாம்ராஜ்யமெங்கும் பரவின. வாளும் மூடியுள்ள கைத்துப்பாக்கி உறையும் அதில் தொங்கின. 1860களில் கான்பூரில் அரசாங்கச் சேணத் தொழிற்சாலை எழுந்தது. சென்னை மாகாணமோ ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை இங்கிலாந்துக்கு அனுப்பியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரரின் காலணிகளுக்கு அத்தோல் இன்றியமையாததாயிற்று. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புத் தொட்டிகளில் இறங்கி நின்றோர் யார்? பெரும்பாலும் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களே! தோலைத் தொட்டதனால் அவர்களுக்குத் தீட்டு. அதே தோலை மார்பில் அணிந்த துரைக்கோ மரியாதை!

திருச்சி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களின் இதே ஒடுக்கப்பட்ட மக்களைத்தான் கங்காணிகள் திரட்டி மலையகத்துக்குக் கொண்டுசென்றனர். முதலில் காப்பி, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபின், நுவரெலியா, ஹட்டன் மலைச்சரிவுகளெங்கும் தேயிலை. கூலி கொடுத்தவனே சட்டமாகவும் நின்றான். 1900இல் தோட்டத் துரைமாரின் துப்பாக்கிப் படையொன்று கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. ஐரோப்பியருக்கு மட்டுமே அதில் இடம். அதன் அதிகாரிகளின் மார்பில் சாம் பிரவுனின் வாரும் ஏறியது. போயர் யுத்தத்துக்கு ஆளனுப்பிய அப்படை 1949இல்தான் கலைந்தது. துரை நாள்தோறும் துப்பாக்கியை உருவவேண்டியதில்லை. அது அவர் வசம் இருக்கிறது என்ற நினைவே லயங்களை அடக்கிவைக்கப் போதுமானதாயிருந்தது.

தோட்டத்தில் இன்னொரு தோலும் இருந்தது. அதுதான் தப்பு. வட்டமான மரச்சட்டத்தில், புளியங்கொட்டைப் பசையால் கன்றின் தோலை இழுத்து ஒட்டி, நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றி அடிக்கும் பறை. விடியுமுன் அதை முழக்கித்தான் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தார்கள். தாய்மார் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையோடு மலையேறினார்கள். மக்களின் கலையைத் தோட்ட நிர்வாகம் தன் கடிகாரமாக்கிக்கொண்டது! ஆயினும் காமன் கூத்திலும், திருவிழாவிலும், சாவு வீட்டிலும் அதே தப்பு மக்களின் குரலாகவே ஒலித்தது. உறையிலிருந்த தோல் அடக்கியது; சட்டத்திலிருந்த தோல் ஆட்களைச் சேர்த்தது.

சேர்ந்த மக்கள் உரிமை கேட்டார்கள். டெயிலர் தேயிலை நட்ட அதே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் எழுந்தது. 1940 ஜனவரி 10ஆம் நாள் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். விசாரணைக் கமிஷன் முன் அவருடைய மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். சுதந்திரம் வந்தபின் 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1977 மே 11இல், மலையகத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலம் பறிபோவதை எதிர்த்த போராட்டத்தின்போது, டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். இம்முறை சுட்டது அன்னிய ஆட்சியின் துப்பாக்கியன்று. ஆளும் கை மாறியது. துப்பாக்கி குறிபார்த்த திசை மாறவில்லை.

இன்று தப்பை இழிவின் சின்னமென ஒதுக்குவோரும் உளர். உரிமை முழக்கமென ஏந்துவோரும் உளர். இருசாராரின் உள்ளத்திலும் உள்ள வடு ஒன்றே. தோலைத் தொட்டவனை இழித்த சமூகமும், அத்தோலால் தன் அதிகாரத்தை அலங்கரித்த ஏகாதிபத்தியமும் சேர்ந்து இட்ட வடு அது. கைத்தொழிலின் அருமையை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அத்தொழிலாளிக்கு நேர்ந்ததையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். 1867ஐயும் டெயிலரையும் மனனம் செய்யும் நம் மாணவர்கள், 1940ஐயும் கோவிந்தனையும் மறவாது அறியட்டும்.