பங்குப் பத்திரமும் செக்கும்

வ.உ.சிதம்பரம் பிள்ளையைப் பற்றி நம்மிடம் இரண்டு படிமங்கள்தான் இருக்கின்றன. ஒன்று கப்பல். மற்றது கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு. ம.பொ.சி. தம் புத்தகத்துக்கு வைத்த பெயரும், அதே பெயரில் 1961ல் வந்த பந்துலுவின் படமும் முதல் படிமத்தை நிலைநிறுத்திவிட்டன. இரண்டாவது மேடைப் பேச்சுக்குத் தோதானது. இரண்டுக்கும் நடுவே இருந்த ஒன்று பார்வைக்கே வராமல் போய்விட்டது. அது கம்பெனி.

‘கப்பலோட்டிய’ என்ற அடைமொழியிலேயே கோளாறு ஆரம்பிக்கிறது. வ.உ.சி. கப்பல் ஓட்டவில்லை, மாலுமிகள் ஓட்டினார்கள். ஒருவரையொருவர் அறியாத பலரிடம் பணம் வாங்கி, அதைச் சட்டப்படி ஒரு ஸ்தாபனமாக்கி, அதன் பெயரில் கப்பலை நிறுத்தியதுதான் அவர் செய்த காரியம். பகலெல்லாம் பாங்கில் பேரேட்டோடு மாரடிப்பவன் என்பதால் எனக்கு இது பெரிதாகப் படுகிறது என்று நண்பர்கள் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் ஒரு சமூகம் எதைப் படிமமாக்கிக் கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது விமர்சனத்தின் பிரச்சினையும்கூட.

தூத்துக்குடிக்குக் கப்பல் புதிதல்ல. கரையோரம் ஆழம் குறைந்த கடல் அது. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் பஞ்சுப் பொதிகளையும் தோணிகள்தாம் கொண்டு சேர்த்தன. பாய் விரித்துக் கொழும்புவரை போய்வந்த தோணிகளும் உண்டு. அவை ஊர்க்காரர்களுடையவை. சொந்தக் கலம் என்பது பரதவருக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் பரம்பரைச் சங்கதி. 1876ல் ரயில் வந்த பிறகு ஊர் பெருத்தது. தனுஷ்கோடி - தலைமன்னார் வழி 1914ல்தான் திறந்தது. அதுவரை இலங்கைப் போக்குவரத்துக்கு முக்கிய வாசல் தூத்துக்குடி. நாள் தவறாமல் புறப்படும் நீராவிக் கப்பல் மட்டும் ஊர்க்காரர்கள் கையில் இல்லை. அது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. அதன் உள்ளூர் ஏஜெண்டுகள் ஏ. அண்டு எஃப். ஹார்வி. கோரல் மில்லும் அவர்களுடையதுதான். பஞ்சை நூலாக்குகிற கையும் சரக்கைக் கப்பலேற்றுகிற கையும் ஒரே கை. காலனியத் துறைமுகம் என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

1906 அக்டோபர் 16ந் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்குகள் 40,000, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். ஆசியாக்காரர்கள் மட்டுமே வாங்கலாம். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். இவரைப்போல் இன்னும் நாலு பேர் கிடைத்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும். அப்படி முடிக்க வ.உ.சி. திட்டமிடவில்லை என்பதற்கு அந்த 25 ரூபாயே சாட்சி. மில் கூலிக்கு எட்டாத தொகைதான். ஆனால் சில்லறை வியாபாரியும் வக்கீல் குமாஸ்தாவும் முக்கி முனகி எட்டிப் பிடிக்கலாம். பங்கின் விலையைத் தீர்மானிப்பது ஒரு சமூகத்தின் எல்லையைத் தீர்மானிப்பது மாதிரி. கம்பெனியின் நோக்கங்களில் கப்பல் விடுவதோடு, ஆசியாக்காரர்களுக்குக் கப்பல் தொழிலையும் கப்பல் கட்டுவதையும் கற்றுக்கொடுப்பதும் இருந்தது.

தலைவர் பாண்டித்துரைத் தேவர்; 1901ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை ஏற்படுத்தியவர். இது தற்செயல் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கிலீஷில் பதிவான இந்தக் கம்பெனியைத் தமிழில் ‘சுதேசி நாவாய்ச் சங்கம்’ என்று வழங்கினார்கள். கம்பெனி வேறு, சங்கம் வேறு. கம்பெனிக்குக் கொடுத்த பணம் லாபத்தோடு திரும்ப வேண்டும். சங்கத்துக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். அது நன்கொடை, சந்தா, காணிக்கை. ஒரே 25 ரூபாய் இரண்டு பெயர்களில் வாங்கப்பட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் வித்து இதில் இருக்கிறது.

ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். எதிர்த்தரப்பின் நெருக்கடியில் அந்தக் கப்பல்கள் பின்வாங்கவே, வ.உ.சி. கொழும்புக்குப் போய் வேறொன்றைப் பிடித்து வந்தார். அப்புறம்தான் காலியாவும் லாவோவும். இரண்டும் 1907ல் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1300 பேர், கூடவே 4000 மூட்டை சரக்கு. பாரதி ‘இந்தியா’வில் கொண்டாடி எழுதினார்.

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கொழும்புக்கு ஒரு ரூபாய் என்று அவர்கள் இறக்க, சுதேசி எட்டணாவுக்கு இறங்கியது. பிறகு அவர்கள் இலவசமாகவே ஏற்றி, ஆளுக்கொரு குடையும் கொடுத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. குடையை விட்டுவிடலாம். அந்த எட்டணாவை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். சாதாரண வகுப்பில் ஒரு இடம்கூடக் காலியில்லாமல் 1300 பேர் ஏறினாலும் வரவு 650 ரூபாய். அதாவது 26 பங்குகளின் விலை. நிலக்கரி, மாலுமி சம்பளம், துறைமுகக் கட்டணம், தோணிக் கூலி எல்லாம் இதற்குள்ளும் சரக்குக் கூலிக்குள்ளும் அடங்க வேண்டும். பல துறைமுகங்களில் கிளை விரித்திருந்த கம்பெனிக்கு ஒரு தடத்தில் நஷ்டம் என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி. ஒரே தடத்தை நம்பிய கம்பெனிக்கு அது மூலதனம் கரைவது.

இந்த இடத்தில்தான் இயக்குநர்கள் வருகிறார்கள். வ.உ.சி.யின் அரசியலால் கம்பெனிக்குக் கேடு வரும் என்று அவர்கள் நினைத்தார்கள். அவரைக் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள். 1908 பிப்ரவரியில் கோரல் மில் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். மில் முதலாளிதான் கப்பல் ஏஜெண்டும் என்பதால் வ.உ.சி.க்கு அது ஒரே சண்டை. இயக்குநர்களுக்கோ அது கம்பெனியின் நோக்கங்களில் இல்லாத சண்டை. மார்ச் 12ல் கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு, நாலு சாவு. ஜூலை 7ல் நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலை. அதற்குள், 1911ல், கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. எந்தக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் வாங்கினார்களோ அதனிடமே விற்றார்கள் என்பதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் கதையின் முடிவு.

இந்தக் கதையில் இயக்குநர்கள் துரோகிகள். நாடக வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது என்று எனக்குப் படுகிறது. அவர்கள் கையில் இருந்தது அவர்களுடைய பணம் மட்டுமல்ல. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் இருபத்தைந்து ரூபாய்கள். அதைக் கரையவிடாமல் பார்ப்பது கோழைத்தனம் ஆகாது, அது அவர்கள் ஏற்றுக்கொண்ட கடமை. வ.உ.சி.யும் சரிதான்: எஜமானனை எதிர்ப்பதற்காகவே அந்த இருபத்தைந்தைக் கொடுத்தவன், அதே எஜமானனோடு சமாதானம் செய்து ஈட்டித் தருகிற லாபத்தைக் கேட்கவில்லை. இயக்குநர்கள் கம்பெனியை நடத்தினார்கள், வ.உ.சி. சங்கத்தை நடத்தினார். ஒரே பங்குப் பத்திரத்தில் இரண்டும் எழுதியிருந்தன. இந்தச் சிக்கலுக்கு வில்லன் தேவையில்லை.

வங்காளத்தில் ஜோதிரிந்திரநாத் தாகூர் 1884ல் பாரிசால் பக்கம் ஆற்றில் நீராவிப் படகு விட்டார். அங்கேயும் வெள்ளைக்காரக் கம்பெனியோடு கட்டணச் சண்டை. பிரயாணிகளை இலவசமாக ஏற்றிப் பலகாரமும் கொடுத்ததைத் தம்பி ரவீந்திரநாத் தம் நினைவுகளில் சிரிப்பும் வருத்தமுமாகச் சொல்கிறார். அது தனியொரு மனிதரின் கனவு; நஷ்டமும் அவர் தலையோடு போயிற்று. பம்பாயில் 1919ல் தொடங்கிய சிந்தியா கம்பெனி பிழைத்தது. எப்படியென்றால், 1923ல் அதே பிரிட்டிஷ் கூட்டத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டது: கரையோரச் சரக்கு மட்டும், இத்தனை டன்னுக்குள் மட்டும். அவமானகரமான ஒப்பந்தம்தான். ஆனால் அதன் கப்பல்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் ஓடின. தூத்துக்குடியால் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது. உட்கார்ந்திருந்தால் பாதிப் பங்குகள் முதலிலேயே விற்றிருக்காது.

வ.உ.சி. தம் சுயசரிதையை அகவலில் எழுதினார். பங்கு, வாடகைக் கப்பல், ஏஜெண்டு, வழக்கு எல்லாவற்றையும் சங்க காலத்திலிருந்து வருகிற யாப்பில் அடைத்திருக்கிறார். இதைப் பழமைப்பற்று என்று ஒதுக்கினால் நஷ்டம் நமக்கு. கையில் இருந்த வடிவம் அதுதான். நாவாய்ச் சங்கம் என்று பெயர் வைத்த மனம்தான் இதையும் செய்தது. புதிய ஸ்தாபனத்தை அவரால் உண்டாக்க முடிந்தது, அதைச் சொல்லும் வடிவத்தை உண்டாக்க முடியவில்லை. பின்னால் வந்த நாம் வடிவத்தை நிறையவே மாற்றினோம். புதுக்கவிதையில் செக்கும் சிறையும் வந்துவிட்டன. 25 ரூபாய் கொடுத்து ரசீது வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தவன் இன்னும் வரவில்லை. கம்பெனி கலைந்த செய்தி அவனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது, ரசீதை அவன் கிழித்தானா, மகனுக்கு விட்டுப் போனானா என்பதெல்லாம் எழுதப்படாமல் இருக்கிறது. சந்தாவை மட்டும் நம்பி நடக்கும் ஒரு பத்திரிகையின் பக்கத்தில், கொடுத்த பணம் திரும்பாது என்று தெரிந்தே கொடுத்தவர்களிடம், இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.