ரைட் செய்த சிடி கார் ஸ்டீரியோவில் பாடலையா? தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. நந்தனத்தில் இருந்து குடும்பத்தோடு காரில் கிளம்புகிறீர்கள். பீரோவில் இருந்து எடுத்த பழைய சிடி ஒன்றை ஸ்டீரியோவுக்குள் தள்ளுகிறீர்கள். திரையில் 'ரீடிங்' என்று ஓடுகிறது. அரை நிமிடம் கழித்து 'எரர்' காட்டிவிட்டு சிடியை வெளியே துப்பிவிடுகிறது.

கடையில் வாங்கிய ஒரிஜினல் சிடி இதே ஸ்டீரியோவில் நன்றாகப் பாடுகிறது. அடம் பிடித்த சிடியை வீட்டு கம்ப்யூட்டரில் போட்டால் அங்கேயும் பாடுகிறது. அப்புறம் காரில் மட்டும் ஏன் பாடவில்லை?

இப்போது எல்லாமே போனில் இருக்கிறதே, சிடிக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். சினிமா பாட்டு என்றால் கவலை இல்லை, திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் 2000-களில் நம் வீடுகளில் ரைட் செய்து வைத்த சிடிகளில் இருப்பது அது மட்டும் இல்லை. கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம், மகளின் அரங்கேற்றக் கச்சேரி, இப்போது உயிரோடு இல்லாத தாத்தா பாடிய பாட்டு என எத்தனையோ இருக்கும். அவை வேறு எங்கும் இல்லை. கார் ஸ்டீரியோ தடுமாறுவது, அந்த சிடி தேய்ந்து வருகிறது என்பதற்கான முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

*முதல் வேலை: காப்பி எடுங்க*

சிடி கம்ப்யூட்டரில் பாடுகிறதா? அப்படியென்றால் ரிப்பேர் வேலையை ஆரம்பிக்கும் முன் அதில் இருப்பதைக் காப்பி எடுத்துவிடுங்கள். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லாவிட்டால் யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் போதும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆடியோ சிடியை விண்டோஸில் திறந்தால் 'ட்ராக் 01', 'ட்ராக் 02' என்று வரிசையாக ஃபைல்கள் தெரியும். அவற்றை அப்படியே பென் டிரைவுக்கு காப்பி செய்தால் பாட்டு வராது. சிடிஏ என்ற அந்த ஃபைல் ஒவ்வொன்றும் வெறும் 44 பைட்தான். பாட்டு சிடியில் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று காட்டும் குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். காப்பி எடுத்தாச்சு என்று நினைத்து சிடியைக் குப்பையில் போட்டால் எல்லாம் போச்சு.

சரியான வழி 'ரிப்' செய்வது. விண்டோஸ் மீடியா பிளேயரிலேயே இந்த வசதி உண்டு. கீறல் விழுந்த சிடி என்றால் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' போன்ற மென்பொருள் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் படித்து எடுக்கும். காப்பி எடுத்த பிறகு ஃபைலின் அளவைப் பாருங்கள். சுருக்காமல் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி இருக்க வேண்டும். முக்கியமான பதிவுகளை இப்படிச் சுருக்காமலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு டிரைவில் படிக்காத சிடி இன்னொன்றில் படிக்கலாம். எனவே இரண்டு மூன்று டிரைவ்களில் முயற்சி செய்த பிறகே கைவிடுங்கள்.

*ஒரிஜினல் பாடுது, இது மட்டும் பாடலை, ஏன்?*

சிடி என்பது பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கி 1982-ல் விற்பனைக்கு வந்த தொழில்நுட்பம். தொழிற்சாலையில் அச்சடிக்கும் ஒரிஜினல் சிடியில் பிளாஸ்டிக்கின் மேல் நுண்ணிய குழிகள் இருக்கும். அதன் மேல் அலுமினியப் பூச்சு. ஸ்டீரியோவில் உள்ள லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்புவதை வைத்துத்தான் பாட்டு வருகிறது.

நாம் ரைட் செய்யும் சிடி-ஆரில் குழிகள் கிடையாது. ஒரு சாயப் பூச்சு இருக்கும். ரைட்டரின் லேசர் அந்தச் சாயத்தை ஆங்காங்கே சுட்டு, குழி இருப்பதுபோல் ஒரு தோற்றத்தை உண்டாக்கும். அதனால்தான் இதை 'பர்ன்' செய்வது என்கிறார்கள். அழித்து அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ இன்னும் மங்கல். ஒரிஜினல் சிடி 70 சதவீதம் அளவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்றால், ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான் அனுப்பும்.

கம்ப்யூட்டர் டிரைவ் இந்த எல்லா வகையையும் படிக்கும்படி செய்யப்பட்டது. பழைய கார் ஸ்டீரியோ அப்படி இல்லை. அதன் லென்ஸில் தூசி படிந்தாலோ லேசர் பலவீனமானாலோ, முதலில் தடுமாறுவது ரைட் செய்த சிடிகளில்தான்.

*மூணு சிடி டெஸ்ட்*

கடைக்குப் போகும் முன் நீங்களே குறையைக் கண்டுபிடிக்கலாம். ஒரு ஒரிஜினல் சிடி, பாடாத சிடி, வேறொருவர் ரைட் செய்த ஒரு சிடி என மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

• மூன்றுமே பாடவில்லை: ஸ்டீரியோவில்தான் கோளாறு.

• ஒரிஜினல் மட்டும் பாடுகிறது, முன்பு பாடிய ரைட் சிடிகள்கூட இப்போது பாடவில்லை: லென்ஸில் அழுக்கு அல்லது லேசர் பலவீனம்.

• மற்ற இரண்டும் பாடுகின்றன, உங்கள் சிடி மட்டும் பாடவில்லை: ரைட் செய்த விதத்தில் தவறு அல்லது சிடி கெட்டுவிட்டது.

• பாடுகிறது, ஆனால் கடைசிப் பாட்டுகளில் திக்குகிறது: சிடியை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத்தான் லேசர் படிக்கும். எனவே கடைசிப் பாட்டுகள் ஓரத்தில் இருக்கும். கைபட்டு அழுக்காவதும் கீறுவதும் அங்கேதான் அதிகம்.

*ரைட் செய்யும்போது நடக்கும் 4 தவறுகள்*

1. ஆடியோ சிடியா, டேட்டா சிடியா?

ஸ்டீரியோவின் முகப்பைப் பாருங்கள். எம்பி3 என்று எங்குமே எழுதவில்லை என்றால் அது ஆடியோ சிடி மட்டுமே படிக்கும் ஸ்டீரியோவாக இருக்கலாம். அதில் எம்பி3 ஃபைல்களை அப்படியே ஏற்றிய சிடி பாடாது. ஆடியோ சிடியாக ரைட் செய்தால் ஒரு சிடியில் 80 நிமிடம், அதாவது 16 பாட்டு அளவில்தான் கொள்ளும். அதே 700 எம்பியில் எம்பி3 ஆக ஏற்றினால் 150 பாட்டு வரை போகும். அந்த ஆசையில்தான் பலர் தவறு செய்கிறார்கள்.

2. பென் டிரைவ் மாதிரி ரைட் செய்வது

2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா முதல், காலி சிடியைப் போட்டதும் ஒரு கேள்வி வரும். யுஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி, டிவிடி பிளேயரில் போடவா என்று. முதல் பதிலைத் தேர்ந்தெடுத்தால் அந்த சிடி பெரும்பாலும் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும். காருக்கு என்றால் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. சிடியை மூடாமல் விடுவது

ரைட் செய்து முடித்ததும் 'ஃபைனலைஸ்' செய்ய வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம் பாட்டு சேர்க்கலாம் என்று திறந்தே விட்டால், கார் ஸ்டீரியோவுக்கு அது முடியாத சிடி. உள்ளடக்கப் பட்டியலைப் படிக்க முடியாமல் திருப்பி அனுப்பிவிடும்.

4. ஃபைல் வகை தவறு

வாட்ஸ்அப்பில் வந்த வாய்ஸ் மெசேஜ், போனில் பதிவு செய்த ஆடியோ ஆகியவை பெரும்பாலும் எம்பி3 ஆக இருக்காது. பெயரில் மட்டும் எம்பி3 என்று மாற்றினால் ஆகாது; மென்பொருள் மூலம் மாற்ற வேண்டும். பாட்டு ஆப்களில் ஆஃப்லைனில் கேட்க இறக்கும் பாட்டுகள் பூட்டுப் போட்டு வருபவை. அவை அந்த ஆப்பைத் தவிர வேறு எங்கும் பாடாது. ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் பல ஸ்டீரியோக்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். 01, 02 என்று எண் போட்டு ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பது நல்லது.

*சென்னை வெயில் சிடிக்கு எமன்*

இதைப் பலரும் கவனிப்பதில்லை. 2018-ல் அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கடும் கோடையில் வெயிலில் நிறுத்திய கார்களின் உட்புறம் ஒரே மணி நேரத்தில் சராசரியாக 47 டிகிரி செல்சியஸைத் தொட்டது. டேஷ்போர்டு 69 டிகிரிக்குப் போனது. நம்ம ஊர் வெயிலும் லேசுப்பட்டது இல்லை. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் போன்ற திறந்தவெளியில் மதியம் முழுக்க நின்ற காருக்குள் கை வைத்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும்.

அமெரிக்காவின் தேசிய தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டி, சிடிகளை 4 முதல் 20 டிகிரி வெப்பத்திலும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. சென்னையில் கார் டேஷ்போர்டு அதற்கு நேர் எதிரான இடம். சூட்டிலும் வெளிச்சத்திலும் சாயப் பூச்சு மங்கும். மங்கிய சாயத்தை எந்த மெக்கானிக்கும் திரும்பக் கொண்டுவர முடியாது. எனவே காரில் இருக்க வேண்டியது காப்பி. முதலில் ரைட் செய்த சிடி வீட்டில், இருட்டான அலமாரியில், உறைக்குள் நிமிர்ந்து நிற்கட்டும்.

*துடைக்கும்போது கவனம்*

மென்மையான பருத்தித் துணியால் நடு ஓட்டையில் இருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீங்க. பாட்டு பதிந்திருக்கும் தடம் வட்டமாகச் சுற்றி ஓடுகிறது. குறுக்கே விழும் சின்னக் கீறலை ஸ்டீரியோவின் பிழைதிருத்தும் வசதி சமாளித்துவிடும். தடத்தோடு சேர்ந்து நீளமாக ஓடும் கீறலை அதனால் சமாளிக்க முடியாது. பெட்ரோல், தின்னர், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம்.

பளபளக்கும் பக்கத்தைவிடப் பெயர் எழுதும் பக்கம்தான் அதிக ஆபத்தானது. பதிவு இருக்கும் அடுக்கு அந்தப் பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. அதில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் பதிவே கெடும். சிடிக்கான மார்க்கரைப் பயன்படுத்துங்கள். ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. காரின் சூட்டில் பசை இளகி, சிடி ஸ்டீரியோவுக்குள் சிக்கிக்கொள்ளும்.

மழை நாளில் ஏசி போட்ட உடனே மட்டும் பாட மறுக்கிறதா? லென்ஸில் ஈரம் படிந்திருக்கலாம். சிடியை வெளியே எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுப் பாருங்கள்.

*புதுசா ரைட் செய்வது எப்படி?*

• காலி சிடி-ஆர் வாங்குங்கள். ஆர்டபிள்யூ, டிவிடி வேண்டாம். சிடி ஸ்டீரியோவால் டிவிடியைப் படிக்கவே முடியாது.

• விண்டோஸ் மீடியா பிளேயரில் 'பர்ன்' பகுதிக்குப் போய் 'ஆடியோ சிடி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பழைய ஸ்டீரியோவும் ஏற்கும் வாய்ப்பு இதில்தான் அதிகம்.

• அதிகபட்ச வேகத்தில் ரைட் செய்யாமல் 8 அல்லது 16 மடங்கு வேகம் வையுங்கள்.

• முடிந்ததும் சிடி தானாக வெளியே வரும்வரை எதையும் தொடாதீர்கள்.

*அப்படியும் பாடலைன்னா?*

லென்ஸ் சுத்தம் செய்யும் டிஸ்க்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஆனால் அதை ஸ்டீரியோவின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அதற்கு மேல் ஸ்டீரியோவைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். காரோடு வந்த ஸ்டீரியோ என்றால் பேட்டரி இணைப்பை எடுக்கும் முன் அதன் பாதுகாப்பு எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் அந்த எண் இல்லாமல் ஸ்டீரியோ திரும்ப உயிர் பெறாது.

நந்தனத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு இடங்களும் அண்ணா சாலையை ஒட்டியே இருக்கின்றன. கார் ஸ்டீரியோவுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. யுஎஸ்பி டிவிடி டிரைவ், காலி சிடி வாங்க ரிச்சி தெரு. நந்தனத்தில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம்.

ஸ்டீரியோவை மாற்ற விருப்பம் இல்லையென்றால் முகப்பில் ஆக்ஸ் துளை இருக்கிறதா பாருங்கள். ஒரு ஒயர் போட்டால் போனில் இருந்தே பாடும். யுஎஸ்பி துளை இருந்தால் பென் டிரைவை 'ஃபேட் 32' முறையில் ஃபார்மட் செய்து எம்பி3 ஏற்றுங்கள். இரண்டுமே இல்லாவிட்டால் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. சென்னையில் 93.5, 98.3, 106.4 போன்ற அலைவரிசைகளில் வானொலிகள் ஓடுவதால், காலியாக உள்ள எண்ணாகப் பார்த்து வையுங்கள்.

ஸ்டீரியோ கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம். தாத்தாவின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. காரில் கிடக்கும் அந்த சிடியை இன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப் போய், முதலில் ஒரு காப்பி எடுத்து வையுங்க.