சிறார் புற்றுநோய் மருத்துவமும் வாய்ப்புண்ணும்

நோய் தீர்க்கும் மருந்தே பிறிதொரு நோய்க்கு ஏதுவாதலும் உண்டு. சிறார் புற்றுநோய் மருத்துவத்தில் தோன்றும் வாய்ப்புண் அதற்குத் தக்க சான்றாகும்.

பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி பார்பர், வெண்குருதிப் புற்றுற்ற 16 சிறார்க்கு அமினோப்டெரின் என்னும் மருந்தளித்துக் கண்ட பயனை 1948இல் வெளியிட்டார். பதின்மர் சின்னாள் நலமெய்தினர். அம்மருந்தை ஆக்கிய ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆவார். வாய்ப்புண் தோன்றுதலும் பார்பரின் அவ்வறிக்கையிலேயே குறிக்கப்பட்டுளது.

இதற்குக் காரணம் யாது? உயிரணுக்கள் பெருகுதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அதன் செயலை இம்மருந்து தடுக்கின்றது. எனவே, விரைந்து பெருகும் புற்றணுக்களோடு, விரைந்து புதுப்பிக்கப்பெறும் வாயின் உட்படலமும் தாக்குறுகின்றது.

தொடக்கத்தில், புண் கண்டவிடத்து மருந்தை நிறுத்துதலே வழியாயிருந்தது. நிறுத்தின் புண் ஆறும். ஆயின் புற்று மீளும் என்னும் அச்சம் நின்றது. 1970களில், எலும்புப் புற்றுற்ற சிறார்க்கு மெத்தோட்ரெக்சேட்டைப் பேரளவில் அளித்து, பின்னர் உரிய நேரத்தில் லியூகோவோரின் கொடுத்து நல்லணுக்களைக் காக்கும் முறை கையாளப்பட்டது. சில மருந்துகள் ஏற்றப்படுங்கால் பனிக்கட்டியை வாயிலடக்குதலும், ஆற்றல் குறைந்த லேசர் ஒளியை வாயினுட் பாய்ச்சுதலும் பிற்காலத்தன.

இன்று மெல்லிய தூரிகையாற் பல் துலக்குதலும், உப்புநீர் கொப்பளித்தலும், வலி மிகின் மார்பின் அளித்தலும் வழக்கிலுள்ளன. வாய் நொந்த குழந்தை உணவும் நீரும் மறுக்கும். புண்வழி நுண்ணுயிர் குருதியிற் புகும். ஆதலின், வாயைப் பேணுதல் சிறு பணியன்று. புற்றுமருத்துவம் இடையறாது நடத்தற்கு அதுவே துணை என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும்.