கழுகு வந்த குன்றம்: திருக்கழுக்குன்ற யாத்திரை மரபின் வளர்ச்சி

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையின் நடுவே அமைந்துள்ள திருக்கழுக்குன்றம், சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற தொண்டை நாட்டுத் தலமாகும். குன்றின் உச்சியில் வேதகிரீசுவரர் உறையும் கோயிலை மலைக்கோயில் என்றும், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரரும் திரிபுரசுந்தரியும் எழுந்தருளியுள்ள கோயிலைத் தாழக்கோயில் என்றும் ஊரார் வழங்குகின்றனர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் இவ்வூரை நாடி வந்துகொண்டிருந்தாலும், அவர்களை இழுத்துவந்த காரணம் எல்லாக் காலத்திலும் ஒன்றாகவே இருந்ததில்லை.

இத்தலத்தின் தொன்மைக்குக் கல்வெட்டுகளே உறுதியான சான்று. மலைக்குச் செல்லும் வழியில் ஒரே பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட ஒருகல் மண்டபம் பல்லவர் காலக் குடைவரை. அதில் வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர், அதாவது முதலாம் நரசிம்மவர்மன் பெயரைத் தாங்கிய கல்வெட்டு உள்ளது. கந்தசிஷ்யன் என்னும் மன்னன் மூலட்டானத்து இறைவனுக்கு அளித்த நிலக்கொடையை அந்த நரசிம்மவர்மன் காத்தான் என்றும், அதனையே தானும் காப்பதாகவும் முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூறுகிறது. அரசமரபுகள் மாறியும் ஒரே கொடை அறுபடாமல் தொடர்ந்தது என்பது, இக்குன்றின் புகழ் எந்த ஓர் அரசனையும் சார்ந்திருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் இவ்வூர், களத்தூர்க் கோட்டத்து உலகளந்த சோழபுரம் என்ற பெயரும் பெற்றது. ஆயினும் மக்கள் நாவில் நிலைத்தது கழுகின் பெயர்தான்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். ஊர்ப்பெயரில் கழுகு தேவார காலத்திலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் கழுகுக்கு அமுதூட்டும் வழக்கத்தை அப்பதிகங்கள் பேசவில்லை. ஆகவே பெயரே முந்தையது என்றும், வழக்கம் பின்னர் அதனைச் சுற்றி வளர்ந்தது என்றும் கொள்வதே பொருத்தம். சாபம் பெற்ற முனிவர் எண்மர் யுகத்துக்கு இருவராகக் கழுகு வடிவில் இறைவனை வழிபடுகின்றனர் என்றும், திரேதா யுகத்தில் வந்தவர் சம்பாதியும் சடாயுவும் என்றும் தலபுராணம் உரைக்கிறது. இதனால் வடநாட்டு யாத்திரிகரிடையே இவ்வூர் ‘பட்சி தீர்த்தம்’ என்றே பெயர் பெற்றது.

அவ்வழக்கம் நடந்த முறை எளியது. நண்பகலை ஒட்டிப் பண்டாரம் ஒருவர் சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்துடன் பாறைமீது வந்தமர்ந்து காத்திருப்பார். வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்ட இரு பறவைகள் வானில் வட்டமிட்டு இறங்கி, அவர் கையருகே வந்து உண்டு, நீரில் அலகு நனைத்துப் பறந்து செல்லும். எஞ்சியது பிரசாதமாகக் கூடியிருந்தோருக்கு வழங்கப்படும். பறவையியலார் இவ்வினத்தை மஞ்சள் முகப் பாறு என்பர். பிணந்தின்னிக் கழுகு இனமான இது பொங்கலை உண்டது பலரை வியக்க வைத்தது.

வழிபட வந்தோர் மட்டுமன்றி, வேடிக்கை காண வந்தோரும் இங்கே தடம் பதித்துள்ளனர். அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டித் துணி வணிகம் செய்த டச்சுக்காரர்கள், 17ஆம் நூற்றாண்டில் ஒருகல் மண்டபத்தின் கல்லில் தம் பெயர்களையும் ஆண்டுகளையும் வெட்டிச் சென்றனர். பல்லவர் குடைவரையைச் சிதைத்த செயல் அது என்றாலும், சுற்றுலா என்று இன்று சொல்லப்படும் பழக்கம் இக்கரையில் எவ்வளவு முன்னரே தோன்றிவிட்டது என்பதற்கு அவ்வெழுத்துகளே சான்றாக நிற்கின்றன.

1990களின் இறுதியில் பறவைகள் வருவது நின்றுபோனது. இக்குன்றின் பறவைகளுக்கு நேர்ந்தது எதுவாயினும், அதே காலத்தில் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் பெருமளவில் அழிந்தன. கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணி, இறந்த மாட்டின் உடல் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ததே அதன் முதன்மைக் காரணம் என்று 2004இல் நிறுவப்பட்டது. 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது. பாறுகளுக்கு அதேபோல் தீங்கான கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய வலிநிவாரணிகளுக்கான தடை 2023இல்தான் வந்தது.

பறவைகள் வருவது நின்றபின்னும் யாத்திரை நிற்கவில்லை. பௌர்ணமி கிரிவலமும், சித்திரைப் பெருவிழாவும், குரு கன்னி ராசியில் புகும்போது பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை நிகழும் சங்கு தீர்த்தப் புஷ்கர மேளாவும் கூட்டத்தைத் தக்கவைத்துள்ளன. கடைசி மேளா 2016இல் நடைபெற்றது. நன்னீர்க் குளமான அத்தீர்த்தத்தில் 2011இலும் 2024இலும் தோன்றிய சங்குகள் தாழக்கோயிலில் சேர்க்கப்பட்டன. மலைக்கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் ஏறுவோர், கழுகுகள் உண்ட பாறையை இன்றும் கேட்டறிந்து பார்க்கின்றனர். தமிழகத்தில் பாறுகள் கூடு கட்டி வாழும் முதன்மையான இடமாக இப்போது எஞ்சியிருப்பது, நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு.